மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசியை யாருக்கு, எப்போது போடுவது: கணித மாதிரிகள் எதை ஒப்பிடுகின்றன?

கேட்கப்பட்ட கேள்வி இது: “மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசியைப் பெரிய முகாம் நடத்தி எல்லாருக்கும் ஒரே முறை போடுவதா, பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும் ஆண்டுதோறும் போட்டு வருவதா, நோய் பரவத் தொடங்கிய ஊருக்கு ஓடிப்போய்ப் போடுவதா என்பதையெல்லாம் கணினியில் சமன்பாடு எழுதித் தீர்மானிக்கிறார்கள் என்று படித்தேன். உயிர் போகும் விஷயத்தை இப்படிக் கணக்கிடம் ஒப்படைக்கலாமா? அந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?”

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த பத்தாண்டில் எத்தனை பேர் நோயுறுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதில் இந்த மாதிரிகள் வலிமை குறைந்தவை. ஆனால் ஒரே நாட்டில் ஒரே தடுப்பூசியை ஐந்தாறு விதமாகக் கொடுக்க முடியும் என்றால், எந்த விதம் எதைவிட மேலானது, எந்த நிலைமையில் அந்த வரிசை தலைகீழாக மாறும் என்று காட்டுவதில் அவற்றுக்கு ஈடான வேறு கருவி நம்மிடம் இல்லை. அந்த வரிசையும் பெரும்பாலும் இரண்டே உயிரியல் வினாக்களைச் சார்ந்திருக்கிறது: தடுப்பூசி தொண்டையில் கிருமி குடியேறுவதையே தடுக்கிறதா, தடுக்கிறது என்றால் அந்தப் பாதுகாப்பு எத்தனை ஆண்டு நிற்கிறது? இவ்விரண்டுக்கும் விடை ஆய்வுக்கூடத்திலிருந்தும் களத்திலிருந்தும்தான் வர வேண்டும். சமன்பாடு அதைத் தானாகக் கண்டுபிடிக்காது.

தமிழில் ‘மூளைக்காய்ச்சல்’ என்ற ஒரு சொல்லையே பல நோய்களுக்கு வழங்குகிறோம். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் அதே பெயரில்தான் வழங்குகிறது. இங்கே நான் பேசுவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் சவ்வு அழற்சியடையும் மெனிஞ்சைட்டிஸ் நோயை, அதிலும் மெனிங்கோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வருவதை. இதன் வகைகளில் ஏ, பி, சி, டபிள்யூ, எக்ஸ், ஒய் ஆகிய ஆறும்தான் உலகில் பெரும்பாலான நோய்க்குக் காரணம். மருத்துவம் கிடைக்காவிட்டால் நோயுற்றவர்களில் பாதிப்பேர் வரை இறக்கக்கூடும். தக்க ஆன்டிபயாட்டிக் கிடைத்தாலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களிலும் பலருக்குக் காது கேளாமை, வலிப்பு, அறிவுத்திறன் குறைபாடு என்று வாழ்நாள் முழுவதும் தொடரும் பாதிப்புகள் தங்கிவிடுகின்றன.

உலகில் இந்நோய் மிகக் கொடுமையாகத் தாக்கிய நிலப்பகுதி சஹாராப் பாலைவனத்துக்குத் தெற்கே, செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை குறுக்கே கிடக்கிறது. 1963-இல் லாப்பெசோனி என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதை ‘மெனிஞ்சைட்டிஸ் பட்டை’ என்று வரையறுத்தார். இன்று 26 நாடுகள் அதில் சேர்த்து எண்ணப்படுகின்றன. டிசம்பரிலிருந்து ஜூன் வரையிலான வறண்ட பருவத்தில், பாலைவனப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும் ஹர்மட்டான் காற்று வீசும் மாதங்களில் நோய் ஏறும். மழை இறங்கியதும் அடங்கும். ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு என்றாலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது கட்டுக்கடங்காத கொள்ளைநோயாகிவிடும். 1996–97இல் அந்தப் பட்டையில் 2,50,000 பேருக்கு மேல் நோயுற்று, ஏறத்தாழ 25,000 பேர் இறந்தனர். பெரும்பாலும் ஏ வகைக் கிருமியின் வேலை அது.

அந்தக் காலத்தில் கையிலிருந்தது பாலிசாக்கரைடு தடுப்பூசி. கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலியை மட்டும் பிரித்தெடுத்துச் செய்தது அது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் அது சரியாக வேலை செய்யாது. பெரியவர்களுக்கும் சில ஆண்டுகளுக்கே பாதுகாப்புத் தரும். தொண்டையில் கிருமி தங்குவதை நம்பத்தக்க அளவில் தடுக்காது. எனவே முன்கூட்டியே போட்டு வைப்பதில் பயன் குறைவு என்று கருதி, ஒரு மாவட்டத்தில் நோயாளிகளின் எண்ணிக்கை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியபின் அங்கே போய்ப் போடுவது என்ற எதிர்வினை முறையே பல பத்தாண்டுகள் நடந்தது. தகவல் தலைநகரத்துக்கு வந்து, மருந்து வரவழைக்கப்பட்டு, ஊர் ஊராகப் போய்ப் போட்டு முடிப்பதற்குள் அலை பெரும்பாலும் தன் உச்சத்தைக் கடந்திருக்கும்.

இங்கேதான் மாதிரியின் தேவை தொடங்குகிறது. இந்நோயின் விசித்திரம் என்னவென்றால், கிருமியைப் பரப்புகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயாளிகளே அல்லர். மெனிங்கோகாக்கஸ் மனிதனின் மூக்குத்தொண்டையில் எந்தத் தொல்லையும் தராமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குடியிருந்து, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. அப்படிச் சுமக்கிறவர்களில் ஒரு மிகச் சிறு பகுதியினருக்கே அது இரத்தத்துக்குள் புகுந்து நோயாகிறது. மருத்துவமனையில் நாம் பார்ப்பது பரவலின் மிக மெல்லிய ஓரத்தை மட்டுமே. 2010க்கும் 2012க்கும் இடையில் மெனாஃப்ரிகார் என்ற கூட்டமைப்பு ஆப்பிரிக்காவின் ஏழு நாடுகளில் 48,000க்கு மேற்பட்டவர்களின் தொண்டைச் சளியைச் சோதித்தபோது 3.4 விழுக்காட்டினரிடம் மெனிங்கோகாக்கஸ் இருந்தது. 5 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. நோயாளிகளின் பதிவேட்டை மட்டும் பார்த்துத் திட்டமிடுகிறவர் இந்தப் பள்ளிப் பிள்ளைகளைக் கிருமி தாங்கிகளாகக் காணவே மாட்டார்.

மாதிரி செய்வது இதுதான்: மக்கள்தொகையை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதிலும் கிருமி தொற்றக்கூடியவர், கிருமியைச் சுமப்பவர், நோயுற்றவர், தற்காலிக எதிர்ப்பாற்றல் பெற்றவர், தடுப்பூசியால் காக்கப்பட்டவர் என்று அறைகளாக வகுத்துக்கொள்கிறது. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஒரு நாளில் எத்தனை பேர் நகர்கிறார்கள் என்பதை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதுகிறது. இதில் உயிர்நாடியான உறுப்பு ஒன்றுதான். தொற்றக்கூடிய ஒருவருக்குக் கிருமி தொற்றும் வேகத்தை மாறாத எண்ணாக வைக்காமல், அந்த நேரத்தில் ஊரில் எத்தனை பேர் கிருமியைச் சுமக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும்படி எழுதுவார்கள். இப்படி எழுதியதை இயங்கு மாதிரி என்போம். மாறாத எண்ணை வைத்துப் போடும் நிலைக் கணக்கு, ஊசி போட்டவர் மட்டுமே பயனடைவதாக எடுத்துக்கொள்ளும். ஊசி போட்ட அண்ணன் வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுவராததால் ஊசி போடாத தங்கை பிழைத்தாள் என்பது அந்தக் கணக்கில் எங்கும் வராது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று காட்ட ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. எதிர்ப்பாற்றலே இல்லாத ஊரில் கிருமியைச் சுமக்கும் ஒருவர் சராசரியாக 1.5 பேருக்கு அதைக் கடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெனிங்கோகாக்கஸுக்கு இந்த எண் தட்டம்மையைப் போலப் பத்துக்கு மேல் போவதில்லை. ஒன்றுக்குச் சற்று மேலாகவே மதிப்பிடப்படுகிறது. பரவல் தானாக அணைய வேண்டுமானால் அந்த எண் 1-க்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கு 1 − 1/1.5, அதாவது மூன்றில் ஒரு பங்கு மக்கள் கிருமியை ஏற்காதவர்களாக ஆனால் போதும். தடுப்பூசி கிருமி குடியேறுவதை 75 விழுக்காடு தடுக்கும் என்றால், 44 விழுக்காட்டினருக்கு ஊசி போட்டாலே இந்த இலக்கை எட்டிவிடலாம். அதே தடுப்பூசி நோயை மட்டும் தடுத்து, குடியேற்றத்தைச் சிறிதும் தடுக்காது என்றால்? ஊரில் நூற்றுக்கு நூறு பேருக்குப் போட்டாலும் பரவல் எண் 1.5-ஆகவே நிற்கும், ஊசி போட்டவர் மட்டும் தப்புவார். ஒரே சமன்பாட்டில் ஒரே ஓர் அளவுருவை மாற்றியதும் ‘பாதிப்பேருக்குப் போட்டால் போதும்’ என்ற விடை ‘எத்தனை பேருக்குப் போட்டாலும் போதாது’ என்று ஆகிவிடுகிறது.

எனவே மெனிஞ்சைட்டிஸ் மாதிரி எதைப் பார்த்தாலும், தொண்டைக் குடியேற்றத்தைப் பற்றி அது என்ன எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். அதைத் தெளிவாகச் சொல்லாத மாதிரியின் முடிவுகளை எவ்வளவு அழகான வரைபடத்தில் தந்திருந்தாலும் ஒதுக்கிவைக்கத் தயங்கமாட்டேன்.

அடுத்த சிக்கல், ஆப்பிரிக்கப் பட்டையில் கொள்ளைநோய் ஏன் ஒழுங்கற்ற இடைவெளிகளில் வருகிறது என்பது. பருவக்காற்று ஆண்டுதோறும் வருகிறது. கொள்ளைநோயோ சில ஆண்டுகள் ஓய்ந்திருந்துவிட்டு வருகிறது. 2012-இல் கேரோலைன் ட்ராட்டரும் அவருடைய பிரிட்டிஷ் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட மாதிரி, இதற்கு இரண்டு கூறுகளைச் சேர்த்தாலே பெரிதும் போதும் என்று காட்டியது: பருவத்துக்கேற்பக் கடத்தும் வேகம் மாறுவது ஒன்று, கிருமியைச் சுமந்து முடித்தவருக்குக் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் தற்காலிகமானதாக இருப்பது மற்றொன்று. ஊரின் எதிர்ப்பாற்றல் மெல்ல மெல்ல வடிந்து, தொற்றக்கூடியவர்கள் குவிந்து, வறண்ட பருவத்தில் ஒருநாள் தீப்பற்றிக்கொள்கிறது. பிறகு எதிர்ப்பாற்றல் நிரம்பி அடங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தானாகவே எழுப்பிக்காட்ட முடியாத மாதிரி, தடுப்பூசித் திட்டங்களை ஒப்பிடத் தகுதி பெறுவதில்லை; ஏனெனில் நீண்டகாலத் திட்டத்தின் பலன் முழுவதும் அந்த ‘வடிந்து குவிவதை’ நாம் எப்படித் தடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

இப்போது மெனாஃப்ரிவாக் தடுப்பூசிக்கு வருகிறேன்; மாதிரியும் களமும் நேருக்கு நேர் சந்தித்த இடம் இதுதான். 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் பாத் என்ற தொண்டு அமைப்பும் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் ஒரு திட்டத்தைத் தொடங்கின. ஓர் ஊசி அரை டாலரைத் தாண்டினால் தங்களால் வாங்க இயலாது என்று ஆப்பிரிக்க நாடுகள் சொல்லிவிட்ட நிலையில், அந்த விலைக்குள் செய்ய முன்வந்தது புனேயில் உள்ள சீரம் நிறுவனம். ஏ வகைக் கிருமியின் சர்க்கரைச் சங்கிலியை டெட்டனஸ் நச்சிலிருந்து செய்த புரதத்தோடு வேதிப்பிணைப்பால் இணைத்துச் செய்த கான்ஜுகேட் தடுப்பூசி, அதாவது இணைப்புத் தடுப்பூசி அது. 2010 டிசம்பர் 6 அன்று பர்கினா ஃபாசோவில் தொடங்கிப் பத்தே நாளில் 1 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள்.

1 முதல் 29 வயது வரை அனைவருக்கும் போடுவது என்ற முடிவு தற்செயலாக எடுத்ததன்று. மேற்சொன்ன கணக்கின் மொழியில் அதன் பொருள், கிருமியைச் சுமந்து பரப்பும் வயதினர் முழுவதையும் ஒரே வீச்சில் எடுத்துவிடுவது. அந்த நாடுகளின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த வயதுக்குள் அடங்கிவிடுகிறது. பச்சிளங் குழந்தைகளுக்கு மட்டும் போடத் தொடங்கியிருந்தால், அவர்கள் வளர்ந்து 5–14 வயதை நிரப்புவதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அதுவரை பரவல் பழையபடியே நடந்திருக்கும்.

விளைவு எதிர்பார்த்ததைவிடக் கூர்மையாக வந்தது. பர்கினா ஃபாசோவில் முகாமுக்கு முன் 0.39 விழுக்காட்டினரின் தொண்டையில் ஏ வகைக் கிருமி இருந்தது. முகாமுக்குப் பின் 20,000க்கு மேற்பட்ட தொண்டைச் சளி மாதிரிகளைச் சோதித்தும் ஒன்றில்கூட அது கிடைக்கவில்லை. சாட் நாட்டில் ஒரு வேதனையான இயற்கைச் சோதனையே நடந்தது. தலைநகர் என்ஜமேனாவைச் சுற்றியுள்ள பகுதிகளில் 2011 இறுதியில் ஊசி போட்டிருந்தார்கள். மற்றப் பகுதிகளுக்கு அது இன்னும் போய்ச்சேரவில்லை. 2012-இல் கொள்ளைநோய் வந்தது. ஊசி போடாத பகுதிகளில் ஒரு லட்சம் பேருக்கு 43.8 பேர் வீதம் நோயுற்றனர். போட்ட பகுதிகளில் ஏறத்தாழ 2.5 பேர். ஏ வகைக் கிருமி தாங்கிகள் 0.75 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்தனர், ஊசி போடாதவர்களும் உட்பட. குடியேற்றத்தை இந்தத் தடுப்பூசி தடுக்கிறதா என்ற முதல் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைத்திருக்க முடியாது.

ஆனால் இரண்டாம் வினா அப்படியே நின்றது: பாதுகாப்பு எத்தனை ஆண்டு? நோய் மறைந்துபோன ஊரில் அடுத்து என்ன செய்வது என்பது, நோய் இருக்கும் ஊரில் என்ன செய்வது என்பதைவிடக் கடினமான கேள்வி. சுகாதார அமைச்சரிடம் போய் ‘நோயே இல்லாத ஒன்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள்’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு மாதிரி தந்த வாதம் இது. பர்கினா ஃபாசோ போன்ற நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களே மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 15 வயதுக்குக் குறைந்தவர்கள் பாதியை நெருங்குவர். முகாமை ஒருமுறை நடத்திவிட்டு நிறுத்தினால், ஐந்தாண்டில் ஆறில் ஒரு பங்கினரும் பதினைந்தாண்டில் பாதிக்கு அருகிலும் ஊசி காணாதவர்கள் ஆவார்கள். ஊசி போட்ட மீதிப்பேரிடமும் பாதுகாப்புக் குறைந்துகொண்டே வந்திருக்கும். நான் மேலே போட்ட சிறு கணக்கில் 44 விழுக்காடு என்று ஓர் எல்லைக்கோடு வந்ததே, அதன் கீழே ஊர் மெதுவாக இறங்கும். இறங்கும்போது யாருக்கும் எந்த அடையாளமும் தெரியாது.

2015-இல் கராக்கலியூ, ட்ராட்டர் முதலியோர் வெளியிட்ட மாதிரி இதை முறையாகச் செய்தது. முகாமோடு நிறுத்துவது, ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் சேர்ப்பது, அட்டவணையில் சேர்க்காமல் சில ஆண்டுகளுக்கொருமுறை சிறு குழந்தைகளுக்கு மட்டும் முகாம் நடத்துவது, அட்டவணையில் சேர்க்கும்போதே முகாமுக்குப் பின் பிறந்து விடுபட்டுப்போன 1–4 வயதினருக்கும் ஒருமுறை போட்டுவிடுவது என்று பல வழிகளை ஒரே மக்கள்தொகையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். முகாமோடு நிறுத்தினால் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் நோய் மீண்டும் பேரளவில் எழும் என்றும், அட்டவணையோடு விடுபட்டோருக்கான முகாமையும் சேர்க்கும் வழியே ஆண்டுச் சராசரி நோயைக் குறைவாக வைக்கும் என்றும் வந்தது. இந்த வகை ஆய்வுகள் முன்வைக்கப்பட்ட நிலையில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2014 அக்டோபரில், 9 முதல் 18 மாதத்துக்குள் ஒரு தவணை, தொடங்கும்போது விடுபட்டோருக்கு ஒருமுறை முகாம் என்று பரிந்துரைத்தது. குழந்தைகளுக்கென 5 மைக்ரோகிராம் அளவில் தனி மருந்தும் வந்தது. 2017-க்குப் பிறகு அந்தப் பட்டையில் ஏ வகையால் உறுதிசெய்யப்பட்ட நோயாளி ஒருவர்கூடப் பதிவாகவில்லை.

இந்த வரிசை கல்லில் பொறித்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். அட்டவணைப்படியான தடுப்பூசி சிறந்தது என்ற முடிவு, அந்த அட்டவணைக்குக் குழந்தைகள் உண்மையில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கே பாதிக் குழந்தைகள் வராத மாவட்டத்தில், அதே நாளில் போடப்படும் மெனிஞ்சைட்டிஸ் ஊசியும் பாதிப்பேருக்குத்தான் கிடைக்கும். அங்கே சில ஆண்டுகளுக்கொருமுறை வீடு வீடாகப் போய்ப் போடும் முகாம் மேலாகிவிடுகிறது. கைக்குழந்தையாகப் போட்டுக்கொண்டவரின் பாதுகாப்பு, ஐந்து வயதுக்கு மேல் போட்டுக்கொண்டவரின் பாதுகாப்பைவிட விரைவில் குறையும் என்று எடுத்துக்கொண்டாலும் வரிசை நகர்கிறது. எனவே நல்ல ஆய்வு ஒற்றை விடையைச் சொல்லாமல், ஒவ்வோர் அளவுருவையும் மேலும் கீழும் ஆயிரக்கணக்கான முறை நகர்த்தி, எத்தனை முறை எந்தத் திட்டம் முதலிடத்தில் நின்றது என்று காட்டும். அந்தப் பகுதியைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்; என் கருத்தில் ஆய்வின் இதயமே அங்கேதான் இருக்கிறது.

பாதுகாப்புக் குறைவதைப் பற்றி பிரிட்டன் கற்ற பாடம் இங்கே பொருத்தமானது. 1999 நவம்பரில் அந்நாடு சி வகைக்கான இணைப்புத் தடுப்பூசியைக் கொண்டுவந்தது. குழந்தைகளோடு 18 வயதுக்குக் குறைந்த அனைவருக்கும் ஒரே வீச்சில் போட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, 2, 3, 4 மாதங்களில் போட்டுக்கொண்ட குழந்தைகளிடம் ஓராண்டு கழிந்ததும் தனிப்பட்ட பாதுகாப்பு ஏறத்தாழ இல்லாமலே போயிருந்தது. அப்படியிருந்தும் அந்தக் குழந்தைகளிடையே நோய் பெருகவில்லை. பதின்பருவத்தினரின் தொண்டையிலிருந்து கிருமி விலகியிருந்ததே காரணம். முகாம் நடந்த ஓராண்டுக்குள் மாணவர்களிடையே சி வகைக் கிருமி தாங்கிகள் 66 விழுக்காடு குறைந்திருந்தனர். தம்பி தங்கையரைக் காத்தது அவர்களுக்குப் போட்ட ஊசியைவிட அண்ணன் அக்காவுக்குப் போட்ட ஊசி. அண்ணன்மார் வயதேறி வெளியேறினால் இந்தக் கவசமும் போய்விடும் என்பது மாதிரியில் தெளிவாகத் தெரிந்தது. பின்னர் 2006-இல் 12-ஆம் மாத ஊக்கத் தவணையும் 2013-இல் பதின்பருவத்தினருக்கான தவணையும் சேர்க்கப்பட்டு, கைக்குழந்தைத் தவணைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன.

பி வகையின் கதை இதற்கு நேர்மாறானது. பி வகையின் சர்க்கரைச் சங்கிலி மனித நரம்புத் திசுவில் உள்ளதை ஒத்திருப்பதால் அதைக் கொண்டு தடுப்பூசி செய்ய இயலாது. புரதங்களைக் கொண்டு செய்தார்கள். 2013 ஜூலையில் பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, மாதிரிகளின் அடிப்படையில், கைக்குழந்தைகளுக்கு இதைப் போடுவது எந்த விலையிலும் செலவுக்குத் தக்க பயன் தராது என்று இடைக்கால முடிவு சொன்னது. 2014 மார்ச்சில் அதே குழு, விலை தக்கபடி குறைந்தால் போடலாம் என்று மாற்றிக்கொண்டது; 2015 செப்டம்பரில் போடத் தொடங்கினார்கள். இடையில் கிருமி மாறவில்லை. கை, கால் இழந்து வாழும் குழந்தையின் வாழ்க்கைத்தரம், அக்குழந்தையைப் பேணும் குடும்பத்தின் இழப்பு ஆகியவற்றுக்கு எவ்வளவு எடை தருவது என்பது மாறியது. எதிர்காலத்தில் கிடைக்கும் நலத்தைக் கழிவு விகிதத்தால் குறைத்து மதிக்கும் வழக்கமும் இதில் கனமான பங்கு வகிக்கிறது: ஆண்டுக்கு 3.5 விழுக்காடு கழித்தால், இருபது ஆண்டு கழித்துக் கிடைக்கும் ஓர் ஆண்டு நல்வாழ்வு இன்றைய கணக்கில் அரையாண்டாகிவிடும். குழந்தையைக் காப்பாற்றும் தடுப்பூசியின் பயனோ பெரும்பகுதி அந்தத் தொலைவிலேயே இருக்கிறது. இந்த எடைகள் அறிவியல் அளவீடுகள் அல்ல. ஒரு சமூகம் தனக்குள் பேசி முடிவெடுக்க வேண்டியவை. கேள்வி கேட்டவரின் அச்சம் இந்த இடத்தில் முற்றிலும் நியாயமானது என்று நான் கருதுகிறேன். எடைகளை வெளிப்படையாக எழுதிவைப்பதால், பெற்றோரும் மருத்துவரும் அவற்றைச் சுட்டிக்காட்டி வாதிட முடிகிறது. எழுதாமல் நான்கு பேர் கூடி எடுக்கும் முடிவிலும் இதே எடைகள் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

பி வகைத் தடுப்பூசி தொண்டைக் குடியேற்றத்தைத் தடுக்குமா என்பது நெடுநாள் தெரியாமலிருந்தது. தடுக்கும் என்று எடுத்துக்கொண்டால் பதின்பருவத்தினருக்குப் போடும் திட்டம் மாதிரிகளில் நீண்டகால நோக்கில் நன்றாக உயர்ந்து நின்றது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 35,000 மாணவர்களிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2020-இல் வெளியானது: நோயுண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் வகைகளின் குடியேற்றத்தில் கண்டறியத்தக்க குறைவு எதுவும் இல்லை. அதோடு அந்தத் திட்டத்தின் இடமும் இறங்கிவிட்டது. நேரடிப் பாதுகாப்பு மட்டும் தரும் ஊசி என்றால் நோய் அதிகம் தாக்கும் வயதினருக்கே அதைப் போட வேண்டும். பிரிட்டன் கைக்குழந்தைகளுக்குப் போட்டதில் மூன்றாண்டில் அந்த வயதினரின் பி வகை நோய் ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தது.

ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினால், ஏ வகை ஒழிந்ததோடு கதை முடியவில்லை. 2015-இல் நைஜரில் சி வகையால் 8,500க்கு மேற்பட்டோர் நோயுற்று 573 பேர் இறந்தனர். 2016–17 பருவத்தில் நைஜீரியாவில் ஐயத்துக்குரிய நோயாளிகள் 14,518 பேர். இறந்தவர்கள் 1,166 பேர். ஏ வகைக்கு மட்டும் ஊசி போட்ட மக்களிடையே வேறு வகை எழுந்ததால், ஒரே கிருமிக்கு எழுதிய மாதிரிகளைப் பல வகைகளுக்கு விரிவாக்க வேண்டியதாயிற்று. 2018-இல் பர்கினா ஃபாசோவின் தரவுகளைக் கொண்டு வந்த ஓர் ஆய்வு, பல வகைகளையும் தாக்கும் தடுப்பூசியை முன்கூட்டியே போடுவதா, கொள்ளைநோய் தலைகாட்டியபின் போடுவதா என்பதை இயங்கு மாதிரியால் செலவோடு சேர்த்து ஒப்பிட்டது. இவ்வகை ஒப்பீட்டில் ஊசியின் விலையே பெரும்பாலும் தராசை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தீர்மானிக்கிறது. அரை டாலருக்குக் கிடைத்த மெனாஃப்ரிவாக்கை எல்லாருக்கும் போடுவதைப் பற்றி யாரும் அதிகம் தயங்கவில்லை. அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள ஊசியானால் ஒவ்வொரு வயதுப் பிரிவையும் தனித்தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது.

எதிர்வினை முறையையும் மாதிரிகள் விட்டுவிடவில்லை. 30,000 முதல் 1,00,000 பேர் வாழும் மாவட்டத்தில் வாரத்துக்கு ஒரு லட்சத்துக்கு 3 பேர் என்றால் எச்சரிக்கை, 10 பேர் என்றால் கொள்ளைநோய் என்பது 2014-இல் திருத்தப்பட்ட வரம்பு. எச்சரிக்கை வரம்பு முன்பு 5-ஆக இருந்தது. வரம்பைக் குறைத்தால் அலையை முன்பே பிடிக்கலாம். ஆனால் தானாகவே அடங்கிப்போகக்கூடிய இடங்களுக்கும் ஓடி, கையிருப்பிலுள்ள மருந்தைத் தீர்க்க நேரிடும். மாவட்ட அலை சில வாரங்களே நீடிப்பதாலும், ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆவதாலும், வரம்பை நுட்பமாகச் செதுக்குவதைவிட, வரம்பைத் தாண்டிய நாளுக்கும் ஊசி போடும் நாளுக்கும் இடையிலான வாரங்களைக் குறைப்பதே கூடுதல் உயிர்களைக் காக்கும். கணக்கு தெரியாத களப்பணியாளரும் இதைச் சொல்வார். ஆனால் இரண்டு வாரம் முந்தினால் எத்தனை பேர் தப்புவார்கள் என்று எண்ணாகச் சொன்னால்தான் வண்டிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் பணம் வருகிறது.

ஏ, சி, டபிள்யூ, ஒய், எக்ஸ் என்ற ஐந்து வகைகளுக்கும் சேர்த்து, மீண்டும் புனேயின் சீரம் நிறுவனமும் பாத் அமைப்பும் உருவாக்கிய தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜூலையில் தரச்சான்று அளித்தது. எக்ஸ் வகையைத் தடுக்கும் முதல் தடுப்பூசி இது. 9 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு அட்டவணையில் ஒரு தவணை, ஆபத்து மிகுந்த நாடுகளில் தொடக்கத்தில் 1 முதல் 19 வயதினருக்கு முகாம் என்பது பரிந்துரை. 2010-இல் 29 வயது வரை போட்டவர்கள் இப்போது 19-ஓடு நிறுத்துவது, நான் மேலே சொன்ன வரிசைப்படுத்தல் எப்படிப்பட்ட முடிவில் போய்ச்சேர்கிறது என்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு: 20 முதல் 29 வயதினரைச் சேர்ப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் பாதுகாப்பையும் அதற்காகும் கூடுதல் ஊசிகளையும் எதிரெதிரே வைத்துத்தான் அந்த வயதெல்லையைப் பேச முடியும். 2024 மார்ச்சில் நைஜீரியா உலகிலேயே முதல் நாடாக இதைப் போடத் தொடங்கியது.

இனி செய்ய வேண்டிய சோதனையும் தெளிவாகவே இருக்கிறது. இந்த ஐந்து வகை ஊசி சி, டபிள்யூ, எக்ஸ் வகைகளின் குடியேற்றத்தையும் ஏ வகையைப்போலவே அடியோடு துடைக்கும் என்று எடுத்துக்கொண்டால் ஒரு வரிசை வருகிறது. பாதியளவே தடுக்கும் என்றால் வேறு வரிசை. 2010-இல் ஏ வகையிடம் கிடைத்த வெற்றியை அப்படியே மற்ற வகைகளுக்கும் எழுதிவைப்பது மாதிரி செய்பவருக்கு எளிது. அதை நான் ஏற்கமாட்டேன். முகாமுக்கு முன்னும் பின்னும் அதே ஊர்களில், 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம், ஆயிரக்கணக்கில் தொண்டைச் சளியெடுத்து வகை பிரித்துப் பார்க்க வேண்டும். மெனாஃப்ரிகார் அதைச் செய்ததால்தான் முதல் தடுப்பூசியின் மாதிரிகளுக்குக் காலூன்ற இடம் கிடைத்தது.